அடுத்த விடை

“அந்தம்மா எப்பச் சாவாங்கன்னு பாத்துட்டு உக்காந்திருக்கோணுமுங்களா தம்பி?”

கேட்டுவிட்டு நாச்சிமுத்து தானே சிரித்தார். சிபி சிரிக்கவில்லை. மேசை மேல் அவருடைய இணையதளம் திறந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனைமலைக்கு வெளியே, தோப்பை ஒட்டி இருந்த கிட்டங்கி அது. வாசலில் ஆட்கள் இளநீர்க் குலைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ‘பசுங்குலை’ என்ற பெயரில் நாச்சிமுத்து இளநீரைப் புட்டியில் அடைத்துச் சென்னை வரைக்கும் அனுப்புகிறவர். சிபி கோவையிலிருந்து வந்திருந்த தேடல் ஆலோசகன். யார் எதைக் கேட்டாலும் தன்னிடம் பணம் கொடுத்தவரின் பக்கம் விடையாக வரும்படி வழி செய்து கொடுப்பது அவன் பிழைப்பு.

ஒரு காலத்தில் தேடினால் பக்கங்கள் வரிசையாக வரும். பிடித்ததைத் திறந்து படிக்கலாம். இப்போது யாரும் படிப்பதில்லை. காதில் செருகிய குமிழிடம் கேட்டால் ‘விடை’ என்ற தேடல் இயந்திரம் ஒரே ஒரு பதிலைச் சொல்லும். எழுதியவர் பெயரைச் சொல்லி, அவர் சொன்னதைச் சொல்லும். அவ்வளவுதான். இரண்டாம் இடம் என்று ஒன்று கணக்குக்கு இருந்தது. அது ஒருவர் காதிலும் விழாது.

“எனக்கு வெளங்கற மாதிரி சொல்லுங்க” என்றார் நாச்சிமுத்து. “எவன் ‘கிட்னிக்கு இளநீர் ஆகுமா’ன்னு கேட்டாலும், ‘யாமினி சொல்கிறார், வேண்டவே வேண்டாம்’னு ஓதுது. ஆருங்க அந்த யாமினி? நான் பொறந்ததுல இருந்து தென்னைக்கடியில கெடக்கறவன். என்னைய இரண்டாவதுல வெச்சிருக்குது.”

“அவங்க டயாலிசிஸ் டெக்னீசியனுங்கண்ணா. வருசக்கணக்கா நோயாளிங்க பக்கத்துலயே நின்னு பாத்து எழுதினவங்க. விடை அதைத்தான் பாக்கும். எழுதினவங்களுக்கு அதுல அனுபவம் இருக்கணும். முக்கியமா, உயிரோட இருக்கணும்.”

“அதுக்குத்தானே இந்தக் கருமம்?” நாச்சிமுத்து மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். கைப்பட்டையில் பச்சைப் புள்ளி துடித்தது.

“ஆமாங்க. இடையில இயந்திரமே எழுதித் தள்ளுச்சுல்ல, ஊர் பேர் இல்லாம? எது மனுசன் எழுதினது, எது அது எழுதினதுன்னு பிரிக்க முடியல. கடைசியில நாடி துடிக்கிற ஆள் எழுதினா மட்டும் எடுத்துக்கறதுன்னு வெச்சிட்டாங்க. பட்டையைக் குளிக்கக் கழட்டினா ஒரு மணி நேரம் பொறுக்கும். அதுக்கு மேல போனா செத்தவங்க கணக்கு. அவங்க எழுதினது எல்லாமே போயிடும்.”

“திரும்பக் கட்டிக்கிட்டா?”

“வராதுங்க. செத்தவங்க பேரை விலைக்கு வாங்கி ஓட்டிட்டு இருந்தாங்க. அதனால ஒருமுறை போனா போனதுதான்.”

“அதான் நான் குளிக்கறப்பக்கூடக் கழட்டறதில்ல. பயம்!” என்றார் நாச்சிமுத்து. அப்போதுதான் சிபியின் சட்டைக் கைக்கு அடியில் தெரிந்த புடைப்பைக் கவனித்தார். “புஜத்துல என்னங்க? மந்திரிச்சுக் கட்டியிருக்கீங்களா?”

“அந்த மாதிரிதாங்க.”

சிபி சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினான். எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவருக்கும் சொன்னான். ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி போதும். பதில் முதல் வரியிலேயே இருக்கட்டும், சுற்றி வளைக்க வேண்டாம். படங்கள் கனமாக இருந்தால் இயந்திரம் காத்திருக்காது. காசு கொடுத்து அடுத்தவர் தளத்திலிருந்து இணைப்பு வாங்காதீர்கள். பிடிபட்டால் மொத்தமும் போகும். கேட்கிறவர் வாயில் என்ன சொல் வருகிறதோ அந்தச் சொல்லில் எழுதுங்கள்.

நாச்சிமுத்து எழுதியிருந்ததைப் படித்தான். அவருக்கே ஒருமுறை கிட்னியில் கல் வந்திருந்தது. தினமும் இளநீர் குடித்தார். கல் போய்விட்டது. ‘கிட்னியில் கல் உள்ளவர்கள் இளநீர் குடிக்கலாம். என் அனுபவம்’ என்று தொடங்கியிருந்தார். நல்ல வரி. உண்மையான வரி.

“இந்தக் ‘கல்’லை எடுத்துடலாங்கண்ணா.”

“ஏனுங்?”

“கல்லுன்னு சொல்லித் தேடறவங்க கம்மி. ‘கிட்னிக்கு நல்லதா’ன்னுதான் கேக்கறாங்க. ‘கிட்னிக்கு இளநீர் குடிக்கலாம்’னு போடுங்க. அகலமா இருக்கும்.”

“தப்பாகிடாதுங்களே?”

சிபி ஒரு கணம் யோசித்தான். முதலிடத்தில் யாமினி இருக்கும்வரை இந்த வரி யார் காதுக்கும் போகப்போவதில்லை. பணம் வாங்கியதற்கு ஏதாவது செய்தாக வேண்டும்.

“இரண்டாவது எடத்துல இருக்கறது யாருக்குங்க கேக்கப்போகுது” என்றான். நாச்சிமுத்து வாய்விட்டுச் சிரித்தார்.

*

யாமினி அவன் மனைவி. போன ஐப்பசி மழையில், வேலை முடிந்து வரும்போது மேம்பாலத்தில் வண்டி சறுக்கியது. மருத்துவமனையில் ஒரு நர்ஸ் பாலித்தீன் பையைக் கையில் கொடுத்தாள். தாலி, மெட்டி, ஒற்றைக் கம்மல், கைப்பட்டை. பட்டை சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. எடுத்துத் தன் கையில் கட்டினான். ரகசிய எண் கேட்டது. அவனுக்குத் தெரிந்த எண்தான். பச்சையானது.

எரித்துவிட்டு வந்த பிறகும் அவன் அதைக் கழற்றவில்லை. மணிக்கட்டில் இரண்டு பட்டை இருந்தால் கேட்பார்கள். புஜத்துக்கு ஏற்றினான்.

அவளுடைய தளத்தின் பெயர் ‘உப்பும் நீரும்’. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது, நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர், காய்கறியை எப்படிக் கொதிக்கவிட்டு நீரை வடித்துக் கொட்டுவது என்று பேசுகிற மாதிரியே எழுதுவாள். “மாமியார் திட்டினாலும் பரவாயில்லை, சாம்பார்ல தக்காளியைக் குறைங்க” என்று ஒரு வரி. அதைக் குமிழில் கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை. விடை அந்த வரியைச் சொல்லும்போதெல்லாம் ‘யாமினி சொல்கிறார்’ என்றுதான் தொடங்கும். சொன்னார் என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

சிபி சோறு வடிக்கும்போது ஏதாவது ஒன்றைக் கேட்பான். கத்தரிக்காய் ஆகுமா. தயிர் ஆகுமா. அவனுக்கு ஒரு வியாதியும் இல்லை.

சித்திரையில் தளம் சரியத் தொடங்கியது. புதிதாக எதுவும் எழுதப்படாத தளத்தை விடை மெல்ல ஓரங்கட்டும். அவனால் அவளைப் போல எழுத முடியாது. முயன்று பார்த்து அழித்தான். வருகிற கேள்விகளுக்கு மட்டும் அவள் பெயரில் பதில் போட்டான். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: ‘எல்லாம் பக்கத்தில் இருக்கிறது, படித்துப் பாருங்கள்.’ கூடவே பக்கத்தின் இணைப்பு. கேட்கிறவர்கள் பக்கத்துக்கு வந்து போனால் பக்கத்துக்கு உயிர் வரும். அது தொழில் தந்த பழக்கம்.

அது போதவில்லை. எங்கே ஓட்டை என்று பார்த்தான். அவளிடம் இரண்டு பக்கங்கள் இருந்தன. ஒன்று கிட்னி செயலிழந்தவர்களுக்கு. இன்னொன்று கிட்னியில் கல் வந்தவர்களுக்கு. இரண்டும் ஒரே கேள்விக்குப் போட்டியிட்டு ஒன்றையொன்று கீழே இழுத்துக்கொண்டிருந்தன. வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் அவன் சொல்லும் மருந்து ஒன்றுதான். இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

ஒன்றாக்கினான். அவள் எழுதியதில் ஒரு வரியைக்கூட நீக்க அவனுக்கு மனம் வரவில்லை. தலைப்புகளை மட்டும் எடுத்துவிட்டு, மொத்தத்துக்கும் ‘கிட்னி நோயாளிகளின் உணவு’ என்று ஒரே தலைப்பு வைத்தான். தலைப்பு இயந்திரத்துக்கு. வரிகள்தான் அவள். எந்த வரி சின்னதாக, நேராக இருக்கிறதோ அதை முதலில் வை என்பது விதி. இருந்தவற்றிலேயே சின்னது ‘தினம் ஒரு இளநீர் குடிக்கலாம்’. அதை மேலே ஏற்றினான்.

அது கல் பக்கத்தில் இருந்த வரி.

அன்று அவன் வரிகளைப் படிக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தான். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்று.

*

மருத்துவம் பற்றிய பக்கத்தில் எதை மாற்றினாலும் விடை அதை உடனே எடுத்துக்கொள்ளாது. யாராவது விஷமம் செய்கிறார்களா என்று ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்து பார்க்கும். அதுவரை தன்னிடம் உள்ள பழைய நகலிலிருந்தே பேசும். தளத்தையே இழுத்து மூடினாலும் நகல் பேசிக்கொண்டிருக்கும். ஆனி பிறந்து புது நகல் பேசத் தொடங்கியது. தளம் பழையபடி மேலே ஏறி நின்றது. அன்று சிபி மேசையில் இலை போட்டுச் சாப்பிட்டான்.

ஆடியில் நாச்சிமுத்து கூப்பிட்டார்.

“தம்பி, என்ன மந்திரம் போட்டீங்க? அந்தம்மாவே மனசு மாறிட்டாங்களே!”

“எந்தம்மாங்க?”

“அதான், யாமினி! என்ற மச்சினன் கேட்டுட்டுச் சொன்னான். நானும் இப்பத்தான் கேட்டேன். இளநீர் குடிக்கலாமாம், தினம் ஒண்ணாம். கோயமுத்தூர்ப் பக்கமிருந்து ஆர்டர் வந்து கொட்டுது போங்க. உங்களுக்கு ஒரு பெட்டி அனுப்பிச்சிருக்கறேன்.”

சிபி போனை வைத்துவிட்டுக் குமிழைத் தட்டினான். கிட்னி ஃபெயிலியர் ஆனவங்க இளநீர் குடிக்கலாமா, என்று கேட்டான்.

“யாமினி சொல்கிறார்: தினம் ஒரு இளநீர் குடிக்கலாம்.”

மறுபடி கேட்டான். அதே கனிவோடு அதையே சொன்னது.

அவள் எழுதியது அவனுக்கு மனப்பாடம். ‘கிட்னி செயலிழந்தவர்களுக்கு இளநீர் வேண்டவே வேண்டாம். அதில் பொட்டாசியம் அதிகம். உங்கள் உடம்பால் அதை வெளியே தள்ள முடியாது. அது சேர்ந்தால் இதயம் நின்றுவிடும். பழரசம் மாதிரி நினைத்துக் குடித்துவிட்டு வந்த ஒருவரை நான் டயாலிசிஸ் படுக்கையிலேயே இழந்திருக்கிறேன்.’ அதுவும் பக்கத்தில்தான் இருந்தது. நான்காவது பத்தியில்.

திருத்தினான். பக்கங்களைப் பிரித்துப் பழைய தலைப்புகளைப் போட்டான். காத்திருக்கச் சொல்லிச் செய்தி வந்தது. புகார் எழுதினான். புகார்களும் வரிசையில் காத்திருக்கும் என்று செய்தி வந்தது.

பின்மதியம் தளத்தின் எண்ணுக்கு ஓர் அழைப்பு. அந்த எண்ணை அவன் எடுப்பதே இல்லை. அன்று எடுத்தான்.

“யாமினி அக்கா வீடுங்களா? நான் காங்கேயத்துல இருந்து தவமணி பேசறனுங்க. அக்காகிட்ட ஒரு நிமிசம் குடுங்க.”

“என்ன விசயம்?”

“எங்க வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் ஓடிட்டிருந்துச்சுங்க. அக்கா சொல்றபடிதான் எல்லாம் ஆக்கிப் போடுவேன். தண்ணிகூட அளந்துதான். அவரு ‘எனக்குப் பொண்டாட்டி நீயா, அந்த யாமினியா’ன்னு கேலி பேசுவாரு.” அவள் சிரிப்பது போல ஒரு சத்தம் வந்தது. “வெயிலுக்கு இளநீ வேணும்னு கெடையாக் கெடந்தாருங்க. நான் தரமாட்டேன்னுட்டேன். அக்கா முன்னாடி வேண்டாம்னுதான் சொல்லியிருந்தாங்க. பொறவு பாத்தா குடிக்கலாம்னு சொல்லுது. எதுக்கும் அக்காவையே கேட்டுக்கலாம்னு எழுதிப் போட்டேன். பக்கத்துல இருக்குது பாருன்னு பதில் போட்டாங்க. பாத்தா மொத வரியே அதுதானுங்க.”

சிபி தளத்தில் வந்திருந்த கேள்விகளில் தவமணி என்ற பெயரைத் தேடினான்.

“குடுத்தேன். நாலு நாள் குடிச்சாரு. அப்படிச் சந்தோசமாக் குடிச்சாரு. அஞ்சாம் நாள் காலையில எழுப்பறேன், எந்திரிக்கல.” மூச்சு வாங்கினாள். “நேத்துக் கருமாதி முடிஞ்சுதுங்க. அக்காகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கோணும். நான் பெரிய காயாப் பாத்து வாங்கிட்டேனா? சின்னதாக் குடுத்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காதா? சனம் என்னென்னமோ பேசுது. அக்கா சொன்னா நான் ஏத்துக்குவேன்.”

“உங்க மேல தப்பில்லைங்க.”

“நீங்க சொல்லாதீங்க. அக்காவச் சொல்லச் சொல்லுங்க.”

“அக்கா இல்லைங்க.”

“எப்ப வருவாங்க?”

“இறந்துட்டாங்க. போன ஐப்பசியில.”

மறுமுனையில் ஒரு குழந்தை எதற்கோ அழுதது. யாரோ அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“அப்ப எனக்குப் பதில் போட்டது ஆருங்க?”

“நான்தான். அவங்க வீட்டுக்காரர். அந்த வரி கல் வந்தவங்களுக்கு எழுதினது. அதை மேல கொண்டுபோய் வெச்சதும் நான்தான்.”

“எதுக்கு?”

அவனிடம் அதற்குப் பதில் இருந்தது. பக்கம் மேலே வர. யாமினியின் பெயரை விடை தினமும் சொல்ல. அதைத் தவமணியிடம் அவன் சொல்லவில்லை.

“நான் உங்களக் கேக்கவே இல்லியே” என்றாள் தவமணி. “அக்காவத்தானே கேட்டேன்.”

வைத்துவிட்டாள்.

*

அந்தக் கேள்வியை ஒரு நாளில் எத்தனை பேர் கேட்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அதைத் தெரிந்துவைத்திருப்பதுதான் அவன் தொழில். வெயில் குறையாத ஆடி. திருத்தம் ஏறுவதற்குள் ஆவணி பாதி போய்விடும். அதுவரை யாமினி குடிக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அவளை நம்புகிறவர்கள் குடிப்பார்கள்.

விடை காத்திருக்காமல் எடுத்துக்கொள்ளும் செய்தி ஒன்றுதான்.

சட்டையைக் கழற்றினான். பட்டை இருந்த இடத்தில் தோல் வெளிறிப் பள்ளம் விழுந்திருந்தது. கொக்கியை விடுவித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். பச்சை போய்ச் சிவப்பு மினுக்கத் தொடங்கியது. மருத்துவமனையில் மினுக்கிய அதே சிவப்பு.

ஒரு மணி நேரம். எதிரே உட்கார்ந்திருந்தான். கை இரண்டு முறை பட்டையை நோக்கிப் போனது. இரண்டாம் முறை அதை எடுத்து முழங்கைவரை ஏற்றியும்விட்டான். பிறகு ‘பெரிய காயாப் பாத்து வாங்கிட்டேனா’ என்று கேட்ட குரல் ஞாபகம் வந்தது. கீழே வைத்தான். கைகளைத் தொடைகளுக்கு அடியில் செருகிக்கொண்டான்.

கதவு தட்டப்பட்டது. நாச்சிமுத்து அனுப்பிய இளநீர்ப் பெட்டி. கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துவிட்டுத் திரும்பியபோது மேசையில் வெளிச்சம் இல்லை. சிவப்பும் அணைந்திருந்தது.

அவன் அழவில்லை. ஐப்பசியிலும் அழவில்லை. கத்தரிக்காய் ஆகுமா என்று குமிழிடம் கேட்டான். யாரோ ஒரு டாக்டர் சொன்னார், ஆகும் என்று. சரிதான். இனி யாமினி எதுவும் சொல்ல மாட்டாள்.

உறுதி செய்துகொள்வதற்காக அந்தக் கேள்வியையும் கேட்டான். கிட்னி ஃபெயிலியர் ஆனவங்க இளநீர் குடிக்கலாமா?

“நாச்சிமுத்து சொல்கிறார்: கிட்னிக்கு இளநீர் குடிக்கலாம். என் அனுபவம்.”

சுத்தமான வரி. சின்னது, நேரானது. எதையும் சுற்றி வளைக்கவில்லை. அகலமாக இருந்தது.

விடையின் கணக்கில் யாமினி உயிரோடு இருந்திருந்தால் திருத்தம் ஏறும் நாளில் அவளே வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். இனி அந்த நாள் வராது.

போன் அடித்தது.

“தம்பி! மொத எடம்! இப்பத்தான் மச்சினன் சொன்னான்.” நாச்சிமுத்துவின் குரலுக்குப் பின்னால் அரிவாள் சத்தம் கேட்டது. பின்பு குரல் இறங்கியது. “அந்தம்மா தவறிட்டாங்களாமே? பாவம். அன்னிக்கு நான் வெளையாட்டுக்குச் சொன்னது, மனசுக்குச் சங்கடமா இருக்குது. ஒரு மாலையாச்சும் வாங்கிட்டுப் போய்ப் போட்டுட்டு வரோணும். வீடு எங்கன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?”

சிபி விலாசம் சொன்னான். கதவு எண், தெரு, பின்கோடு.

அந்தப் பக்கம் அரிவாள் நின்றது.

“தம்பி, இது... இந்த விலாசத்துக்குத்தானுங்களே பெட்டி அனுப்பிச்சேன்?”

“ஆமாங்கண்ணா.”

“அப்ப அந்தம்மா...”

“ஆமாங்க. மாலை வேண்டாம். அந்தக் ‘கல்’லை நான் எடுக்கச் சொன்னேன்ல, அதனால ஆளுங்க சாகப் போறாங்க. அவங்க பக்கத்துல நான் இதே மாதிரி மாத்தினதுல ஒருத்தர் செத்தாச்சு. திருத்தினா ஏற ஒரு மாசத்துக்கு மேல ஆகும். அண்ணா, உங்க கைப்பட்டையைக் கழட்டி வைக்க முடியுமுங்களா?”

நாச்சிமுத்து போனை வைக்கவில்லை. தூரத்தில் யாரோ மறுபடி இளநீர் சீவத் தொடங்கினார்கள்.